ஓ.டி.ன்னா ஓவர்டைம் இல்லீங்க

எங்க ஊர்ப்பக்கம் ஓ.டி.ன்னு சொன்னா ரெண்டே அர்த்தம்தான். மில்லுக்காரங்களுக்கு ஓவர்டைம். ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ஆபரேஷன் தியேட்டர். நம்ம பொழப்புல, வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் சிரிச்சுக்கிட்டே பக்கத்துல வந்து நின்னார்னா அதுவும் ஓ.டி.தான். என்ன, காசு தரமாட்டாங்க :-)

மூணாவதா ஒரு ஓ.டி. இருக்குன்னு எனக்குத் தெரிய வந்தது பெரியப்பாவால. திருச்செங்கோட்டுல ரிக் வண்டியில இருந்தவர். அதாங்க, போர் போடுற வண்டி. இந்தியாவுல எந்த மூலையில பூமியில ஓட்டை போட்டாலும் அங்க ஒரு திருச்செங்கோட்டு வண்டி நிக்கும்னு பெருமையா சொல்லுவார். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு. ஆஸ்பத்திரி, மருந்து, பிசியோதெரபி எல்லாம் ஆச்சு. நாலு மாசத்துல கம்பு ஊனி நடக்க ஆரம்பிச்சுட்டார். வீடே நிம்மதியாச்சு. நடக்கிறாரே, அப்புறமென்ன?

அப்புறம்தான் விஷயமே. நடந்தார், ஆனா சட்டைப் பட்டன் போட முடியாது. வேட்டி நிக்காது. சோத்தைப் பிசைஞ்சு வாய்க்குக் கொண்டுபோக முடியாது. பெரியம்மா ஊட்டிவிடணும். நாலு பேர் முன்னாடி ஊட்டிக்கச் சங்கடப்பட்டு கல்யாணம் காட்சின்னு எதுக்கும் போறதை நிறுத்திட்டார். எங்க ஊர்ல ஒரு மனுஷன் பந்தியில உக்காரலைன்னா அவன் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

2022-ல யாரோ சொல்லி கோயமுத்தூர்ல ஒரு அம்மாகிட்ட கூட்டிக்கிட்டுப் போனோம். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அவங்க 'கையைத் தூக்குங்க, மடக்குங்க'ன்னு ஆரம்பிக்கலை. "ஏனுங்கய்யா, காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன பண்ணுவீங்க, ஒண்ணொண்ணா சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. பெரியப்பா முழிச்சார். பல் விளக்குறதுல ஆரம்பிச்சு எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. கரண்டிக் காம்புல பழைய சைக்கிள் டியூப் ரப்பரைச் சுத்திப் பிடி தடிமனாக்கிக் கொடுத்தாங்க. சட்டையில பட்டனை வெளியே மட்டும் தைச்சுட்டு உள்ள ஒட்டுற பட்டை. தட்டு நகராம இருக்க அடியில ஈரத்துணி. அப்புறம் மாசக்கணக்குல பயிற்சி. பெரியப்பா திரும்ப ரிக் ஏறலை, ஏறவும் போறதில்லை. ஆனா அடுத்த வைகாசியில ஒரு கல்யாணத்துல பந்தியில உக்காந்து, தானே சாப்பிட்டார். ரசம் கொஞ்சம் சட்டையில ஊத்துச்சு, அதை விடுங்க.

நான் அந்தம்மாகிட்ட கேட்டேன், "ஏங்க, இப்படி ஒண்ணு இருக்குன்னு எங்களுக்கு யாருமே சொல்லலையே?" அவங்க சிரிச்சாங்க. "போன வருஷம் வரைக்கும் நாட்டுச் சட்டத்துலயே எங்களுக்கு இடமில்லைங்க. அப்புறம் உங்களுக்கு யாரு சொல்லுவாங்க?"

இது எனக்குள்ள உக்காந்துக்கிச்சு. ஒரு தொழில், அதுக்கு நாலு வருஷத்துக்கும் மேல படிப்பு, பட்டம். ஆனா சட்டத்துல இல்லையா? தோண்ட ஆரம்பிச்சேன் (ரிக் குடும்பம்ல!). கிடைச்சதைத்தான் எழுதறேன்.

மொதல்ல அமெரிக்கா. 1917 மார்ச் 15, நியூயார்க் மாநிலத்துல கிளிப்டன் ஸ்பிரிங்ஸ்னு ஒரு சின்ன ஊர். ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன்னு ஒரு கட்டடக் கலைஞர் வீட்டுல ஆறு பேர் கூடி ஒரு சங்கம் ஆரம்பிக்கிறாங்க. பார்ட்டனே நோயாளிதான். காசநோய், காலில் ஒரு பகுதி எடுத்தாச்சு, இடது பக்கம் வாதம். தன்னையே தோட்டவேலையாலும் தச்சுவேலையாலும் தேத்திக்கிட்டவர். கூட இருந்தவங்கள்ல ஒரு மனநல மருத்துவர், ஒரு சமூக சேவகி, ஒரு கைவினை ஆசிரியை, இன்னொரு கட்டடக் கலைஞர், அப்புறம் பார்ட்டனோட செகரட்டரி. அந்தச் செகரட்டரியையும் சேர்த்துத்தான் ஆறு. அடுத்த மாசமே அமெரிக்கா முதல் உலகப்போர்ல இறங்குது, கை கால் போன சிப்பாய்கள் வந்து குவியறாங்க, இந்தத் தொழில் நிலைச்சுருது. 1921-ல அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கம்னு பேர் மாத்திக்கிறாங்க. கவனிச்சீங்களா, தொழில் முழுசா உருவாகறதுக்கு முன்னாடியே சங்கம் வந்தாச்சு. பொதுவா உல்ட்டாவாத்தானே இருக்கும்?

இந்தியாவுலயும் கிட்டத்தட்ட அதே கதை. இங்கே கதாநாயகி கமலா நிம்ப்கர். அமெரிக்காவுல எலிசபெத் லண்டியாப் பிறந்த க்வேக்கர் பெண். விஷ்ணு நிம்ப்கர்ங்கிற மராட்டியரைக் கட்டிக்கிட்டு, கமலான்னு பேர் வச்சுக்கிட்டு, இங்கேயே தங்கிட்டாங்க. இடையில அமெரிக்கா போய் பிலடெல்பியாவுல ஆக்குபேஷனல் தெரபி படிச்சுட்டு வந்து, 1950-ல மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில ஒரு பள்ளியைத் தொடங்கறாங்க. ஆசியாவுலயே முதல் பள்ளி. ரெண்டே வருஷத்துல, 1952-ல, அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம். அவங்கதான் முதல் தலைவர்.

அதே 1952 ஏப்ரல்ல இங்கிலாந்து லிவர்பூல்ல உலகக் கூட்டமைப்புக்கான கூட்டம் நடக்குது. பத்து நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து ஆரம்பிக்குது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஸ்வீடன்னு பெரிய தலைங்க. அந்தப் பத்துல ஒண்ணு இந்தியா! பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு வருஷம், குடியரசாகி ரெண்டு வருஷம். உலக மேசையில நாற்காலி கிடைச்சாச்சு. நம்ம பாராளுமன்றத்துல கிடைக்கத்தான் இன்னும் 69 வருஷம் ஆகப்போகுது.

அதுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க ஊர்க் கதை ஒண்ணு. இதைச் சொல்லாம விட்டா நான் நாமக்கல்காரனே இல்லை.

சேந்தமங்கலம் தாண்டினா எதிர்ல சுவர் மாதிரி நிக்குமே கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவு, வாந்தி எடுக்காம ஏறினவன் வீரன்... அந்த மலையில 1914-ல ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பிறக்குது. பால் பிராண்ட். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவலின், ரெண்டு பேரும் மிஷனரிகள். அப்போ ரோடே கிடையாது, நடை இல்லைன்னா டோலி. ஒன்பது வயசுல படிக்க இங்கிலாந்து அனுப்பிட்டாங்க. 1929-ல அப்பா மலையிலேயே காய்ச்சல்ல செத்துப்போனார். பையன் மொதல்ல டாக்டருக்குப் படிக்கலை. கொத்துவேலை, தச்சுவேலை கத்துக்கிட்டார். அப்புறம்தான் மருத்துவம். 1946-ல வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவரா வந்து சேர்ந்தார்.

ஒருநாள் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போறார். ஒரு நோயாளியோட மடங்கிப்போன கையைப் பிடிச்சு, 'என் கையை அழுத்து'ங்கிறார். அந்த ஆள் அழுத்தின அழுத்துல வலி தாங்கலையாம். அப்போதான் பொறி தட்டுது. இந்தக் கை செத்த கை இல்லை. சில தசைதான் போயிருக்கு, மத்ததுல பலம் அப்படியே இருக்கு. நல்ல தசையோட தசைநாரை எடுத்து வேற இடத்துல வச்சுத் தைச்சா விரல் நிமிருமே! அப்படித்தான் தொழுநோய்க் கைகளுக்கான அறுவை சிகிச்சை வேலூர்ல பிறந்தது. விரல் தானா உதிர்றதில்லை, வலி தெரியாததால காயம்பட்டுக் காயம்பட்டுத் தேயுதுன்னு உலகத்துக்கு எடுத்துச் சொன்னதுலயும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனா எனக்குப் பிடிச்ச பகுதி அதுக்கப்புறம் வர்றது. கை சரியாகிப் போனவங்க கொஞ்ச நாள்ல திரும்பி வந்து நிக்கிறாங்க. டாக்டர், நீங்க குடுத்த கை பிச்சையெடுக்கக்கூட உதவலை. முன்னாடி கோணல் கையைப் பார்த்து இரக்கப்பட்டுக் காசு போட்டாங்க. இப்போ கை நல்லா இருக்கு, காசும் விழலை, தழும்பைப் பார்த்து வேலையும் யாரும் தரலை. யோசிச்சுப் பாருங்க. ஆபரேஷன் சக்சஸ், மனுஷன் பட்டினி.

அங்கதான் பிராண்டுக்குள்ள இருந்த தச்சர் எந்திரிக்கிறார். 1951-ல வேலூர் கல்லூரி வளாகத்துலயே நவ ஜீவ நிலையம். குடிசைகள், ஒரு தச்சுப்பட்டறை. கை சரியானவங்க அங்க தங்கி மரப்பொம்மைகள் செய்யப் பழகறாங்க. உணர்ச்சி இல்லாத கையால எப்படிக் காயம்படாம உளி பிடிக்கிறது, சுத்தியலோட பிடியை எப்படி மாத்துறது, எல்லாம் பாடம். சாதாரணத் தச்சுப்பள்ளி நடத்துறதுக்கு இதெல்லாம் தேவையில்லை. சைக்கிள் டியூப் சுத்தின கரண்டிக்கும் பிடி மாத்தின சுத்தியலுக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க? பேர்ப்பலகை ஆக்குபேஷனல் தெரபின்னு இருந்துச்சோ இல்லையோ, நடந்தது அதுதான்.

அதே சி.எம்.சி.யில மேரி வர்கீஸ்னு ஒரு டாக்டர். 1954-ல ஒரு விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்துபோச்சு. சக்கர நாற்காலியில உக்காந்தபடியே தொழுநோய்க் கைகளுக்கு ஆபரேஷன் பண்ணினாங்க. நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து துறையை வளர்த்தாங்க. 1966-ல வேலூர்ல மறுவாழ்வு நிலையம் வந்தது. தமிழ்நாட்டுல இந்தத் துறைக்கு வேர் எங்கன்னு கேட்டா கை தானா வேலூரைத்தான் காட்டும். இன்னைக்கு எஸ்.ஆர்.எம்., கோவை கே.எம்.சி.ஹெச்.ன்னு வேற இடத்துலயும் பட்டப்படிப்பு உண்டு.

பிராண்ட் 2003-ல சியாட்டில்ல காலமானார். அம்மா எவலின் 95 வயசு வரைக்கும் இருந்து 1974-ல இறந்தாங்க. வாழவந்தியில அப்பா அம்மா கல்லறை பக்கத்துல பக்கத்துல இருக்கு. ஆகாய கங்கை அருவிக்குப் போறவங்க ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.

சரி, சங்கத்துக்கு வருவோம்.

ஒரு தொழில்முறைச் சங்கம் 'குரல் கொடுக்குது'ன்னா நமக்கு மனசுல வர்றது கொடி, கோஷம், கலெக்டர் ஆபீஸ் வாசல். இவங்க அப்படியில்லை. எண்ணிக்கையில சின்னக் கூட்டம். ரோட்டுல இறங்கினா டிராபிக்கூட நிக்காது. பஸ் ஊழியர் நிறுத்தினா ஊர் நிக்கும், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் நிறுத்தினா பெரியப்பா மாதிரி ஆளுங்க வீட்டுக்குள்ள சத்தமில்லாம நின்னுபோவாங்க, அவ்ளோதான். அதனால இவங்க ஆயுதம் வேற: தரம், பட்டியல், மனு.

தரம்னா, எந்தக் கல்லூரிப் படிப்பு சரின்னு சொல்றது. உலகக் கூட்டமைப்புக்கு ஒரு குறைந்தபட்சக் கல்வித் தரம் இருக்கு. மாணவர் நோயாளிகளோட குறைஞ்சது 1000 மணிநேரம் நேரடிப் பயிற்சி முடிக்கணும்கிறது அதுல ஒண்ணு. இந்தியாவுல அதைப் பார்த்துக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தர்ற வேலையைச் சங்கமே எடுத்துக்கிச்சு. சட்டப்படி அதிகாரம் எதுவும் இல்லாமலே. இதுல ஒரு வேடிக்கை. சங்கம் குத்தின முத்திரைக்கு லண்டன்லயும் நியூஜெர்சியிலயும் மதிப்பு. உள்ளூர்ல யார் வேணும்னாலும் ஆறு வாரச் சான்றிதழ் ஒண்ணை வச்சுக்கிட்டு, ஆட்டிசம் குழந்தைகளுக்கு ஓ.டி. தர்றோம்னு போர்டு மாட்டலாம், கேக்க ஆளில்லை. படிச்சவங்க விமானம் ஏறினதுல என்ன ஆச்சரியம்? (நம்ம ஆளுங்க மட்டும் என்ன யோக்கியம்னு கேக்காதீங்க, நான் அங்க வரலை.)

பட்டியல்தான் பெரிய போர்க்களம். அரசாங்கத்துல நீ இருக்கியா இல்லையாங்கிறதைத் தீர்மானிக்கிறது ஒரு பட்டியல்ல உன் பேர் இருக்காங்கிறதுதான். பேர் இருந்தாத்தான் பணியிடம், சம்பளம், காப்பீட்டுல செலவுத்தொகை. பிரிட்டன்ல 1960-லயே மருத்துவத்துக்குத் துணையான தொழில்கள்னு ஒரு சட்டம் போட்டு இவங்களைச் சேர்த்துட்டாங்க. இங்கே 1992-ல மறுவாழ்வு கவுன்சில் சட்டம் வந்தது. மறுவாழ்வுப் பணியாளர்கள் யார் யார்னு அதுல வரிசையா இருக்கு. பேச்சுப் பயிற்சியாளர் உண்டு, மருத்துவ உளவியலாளர் உண்டு, காதுக் கருவிக்கு அச்சு எடுக்கிற டெக்னீஷியன் உண்டு, சிறப்பு ஆசிரியர் உண்டு. மறுவாழ்வுக்குன்னே பிறந்த ஆக்குபேஷனல் தெரபி அந்த வரிசையில இல்லை. பிசியோதெரபியும் இல்லை.

மாநில அளவுல கொஞ்சம் வெளிச்சம் வந்தது. டெல்லியில 1997-ல பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி ரெண்டுக்கும் சேர்த்து ஒரு கவுன்சில் சட்டம். மகாராஷ்டிராவுல 2002-ம் வருஷத்துச் சட்டம், அதோட பேர்ல ஆக்குபேஷனல் தெரபி முன்னாடி, பிசியோதெரபி பின்னாடி. கல்யாணப் பத்திரிகையில யார் பேரு மொதல்லங்கிற மாதிரிதான் இது. ஆனா மும்பை இந்தத் தொழிலுக்குப் பிறந்த வீடாச்சே, அந்த மரியாதைன்னு நானா நினைச்சுக்கிட்டேன். (ஆங்கில அகரவரிசைன்னு யாராவது சொல்லிக் கெடுத்துடாதீங்க.)

அடுத்து 2007 டிசம்பர். நம்ம அன்புமணி மத்திய சுகாதார அமைச்சர். மக்களவையில ஒரு மசோதா வருது, பாராமெடிக்கல் மற்றும் பிசியோதெரபி மத்திய கவுன்சில்கள் மசோதா. பிசியோதெரபி தலைப்புல ஏறிருச்சு, ஆக்குபேஷனல் தெரபிக்குத் தலைப்புல இடமில்லை. எப்படியோ, அதுவும் 2009-ல அந்த மக்களவையோடயே காலாவதி. 2018 டிசம்பர் 31, ஊரே புத்தாண்டுக்குக் கேக் வெட்டிக்கிட்டு இருக்கிற நாள்ல, மாநிலங்களவையில இன்னொரு மசோதா. அது நிலைக்குழுவுக்குப் போய், அடிச்சுத் திருத்தி, 2020 செப்டம்பர்ல புது மசோதாவா வந்து, 2021 மார்ச்சுல ரெண்டு அவையிலயும் நிறைவேறி, மார்ச் 28-ல ஒப்புதல் வாங்குச்சு. தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், 2021. பத்துப் பிரிவு. அதுல ஆக்குபேஷனல் தெரபிக்குன்னே தனியா ஒரு பிரிவு, தனியா ஒரு தொழில்முறைக் கவுன்சில். பதிவு இல்லாதவங்க இந்தத் தொழில் செய்யக்கூடாது. சட்டத்துல ரெண்டு தட்டு இருக்கு: 2000 மணிநேரப் படிப்புன்னா துணைப் பணியாளர், 3600 மணிநேரம்னா சுகாதாரத் தொழில் வல்லுநர். நாலு வருஷத்துக்கும் மேல படிச்சவனை ரெண்டு வருஷ டிப்ளமோவோட ஒரே மூட்டையில கட்டாதேங்கிற ஆதங்கத்துக்கு அந்த மணிக்கணக்குலதான் பதில் இருக்கு.

அந்தம்மா சொன்ன 'போன வருஷம்' இதுதான்.

சட்டம் வந்ததும் எல்லாம் மாறிருச்சான்னா, நம்ம நாடு தெரிஞ்சதுதானே. 2024 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அக்டோபர் 12-க்குள்ள அமல்படுத்துங்கன்னு மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் உத்தரவு போட வேண்டியிருந்தது. கோடு எழுதி ரிலீஸ் நோட்டும் போட்டாச்சு, ஆனா புரொடக்‌ஷனுக்குப் போகலைங்கிற மாதிரி.

இதைவிட எனக்கு உறைச்சது ஒரு எண். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உலகத்துல இருக்கிற எல்லா வேலைக்கும் ஒரு எண் கொடுத்து வச்சிருக்கு. பிசியோதெரபிஸ்டுக்கு 2264. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எங்கன்னு தேடினா 2269. அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன தெரியுமா? 'வேறெங்கும் வகைப்படுத்தப்படாத சுகாதார வல்லுநர்கள்'. நம்ம பாஷையில சொன்னா எல்ஸ் பிளாக். எந்த இஃப்லயும் மாட்டாதவங்க வந்து விழற இடம். நூறு வருஷத்துக்கும் மேல ஆன தொழில் அங்க உக்காந்திருக்கு.

மனநலத்துலயும் இதே கதி. இந்தத் தொழிலோட பாதி வேர் மனநலக் காப்பகங்கள்ல இருக்கு. அந்த ஆறு பேர்ல ஒருத்தர் மனநல மருத்துவர்னு மேலயே சொன்னேனே. ஆனா நம்ம 2017 மனநலச் சட்டத்துல மாநில ஆணையம் பதிவு செய்ய வேண்டியவங்கன்னு இருக்கிறது மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர். இவங்க பேர் இல்லை.

வெளிநாட்டுலயும் பெருசா நிம்மதி கிடையாதுங்க. அமெரிக்காவுல 1997-ல ஒரு பட்ஜெட் சட்டம், மெடிகேர்ல ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஆக்குபேஷனல் தெரபிக்கு 1500 டாலருக்கு மேல கிடையாதுன்னு சொல்லிருச்சு. பக்கவாதம் வந்த கிழவருக்கு மார்ச்லயே கோட்டா முடிஞ்சிட்டா டிசம்பர் வரைக்கும் பட்டனை யார் போடறது? சங்கங்கள் முட்டி மோதி, தள்ளிப்போட வச்சு, விதிவிலக்கு வாங்கி, 2018 பிப்ரவரியிலதான் அந்த உச்சவரம்பை எடுத்தாங்க. 21 வருஷம். ஒரு வரியை அழிக்க.

கடைசியா பேர். எனக்குச் சங்கத்துமேல ஒரு வருத்தம் உண்டுன்னா அது இதுதான். ஆக்குபேஷன்னு சொன்னதும் நம்ம ஆளுங்க தொழில்னு மொழிபெயர்த்துட்டாங்க. தொழில்வழிச் சிகிச்சைன்னா பெரியப்பா மாதிரி ஆளுங்க ஐ.டி.ஐ. மாதிரி எதுவோ கத்துத் தர்றாங்கன்னு நினைச்சுக்கிறாங்க. செயல்முறைச் சிகிச்சைங்கிறதும் புழக்கத்துல இருக்கு. அது அர்த்தத்துக்குக் கொஞ்சம் பக்கம், ஆனா காதுல விழுந்ததும் புரியுமா? டெல்லிக்கு மனு எழுதின இந்த எழுபது வருஷத்துல, சங்ககிரி பஸ் ஸ்டாண்டுல நிக்கிற ஒருத்தருக்குப் புரியற மாதிரி ஒரு சொல்லை யாராவது கொடுத்திருக்கலாம்.

2025 செப்டம்பர்ல பிசியோதெரபிஸ்டுகள் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடக்கூடாதுன்னு சுகாதாரத்துறைத் தலைமையகத்துல இருந்து ஒரு கடிதம், மறுநாளே அதை நிறுத்தி வச்சு இன்னொரு கடிதம்னு ஒரே கூத்து. அந்தச் செய்தியைப் பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டிட்டு, "அப்போ நம்ம கோயமுத்தூர் அம்மாவை என்னன்னு சொல்றதுங் பெரியப்பா?"ன்னு கேட்டேன்.

"என்னத்த சொல்றது. பட்டன் டாக்டரம்மான்னு சொன்னா ஊர்ல எல்லாத்துக்கும் தெரியும் கண்ணு"ன்னார்.

அவர் சொல்லி இதுவரைக்கும் எங்க தெருவுல இருந்து மூணு பேர் போய்ட்டு வந்துட்டாங்க.